ரிமோட் அண்ணாச்சி

டிசம்பர் 4, வியாழன்

அரையாண்டுத் தேர்வுக்கு வினாத்தாள் எழுதிக்கொண்டிருந்தபோது கொழுந்து ஐயாவிடமிருந்து போன். எங்கள் பட்டிமன்றக் குழுவின் நடுவர் அவர். முழுப்பெயர் திருமலைக்கொழுந்து. பொங்கலுக்குத் தொலைக்காட்சியில் நம் குழு பேசுகிறது என்றார். ஆசிரியைகள் அறையில் எல்லோர் முன்னாலும் "அப்படிங்களாய்யா" என்று சாதாரணமாகச் சொல்லி வைத்துவிட்டு, கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன். எத்தனை கோயில் கொடைத் திருவிழாக்களில் கொசுக்கடிக்கு நடுவே தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். கடைசியில் இந்தச் சண்முகக்கனிக்கும் ஒரு நாள் வந்தது.

தலைப்பு, 'ஏழையின் வாழ்வு உயர்வது அரசு கொடுப்பதாலா, அவன் உழைப்பதாலா?' ஊர் ஊராக நாங்கள் பேசித் தேய்த்த தலைப்புதான். எனக்கு எப்போதும் 'அரசு கொடுப்பதாலே' அணி. கைதட்டல் எனக்கு வரும், தீர்ப்பு எதிரணிக்குப் போகும். விழாச் செலவை ஏற்றவர் முன்வரிசையில் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருப்பார். அவரைக் காட்டி, "உழைத்து உயர்ந்த உத்தமர்" என்றுதான் ஐயா தீர்ப்பை முடிப்பார்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணனிடம் சொன்னேன். என் வீட்டுக்காரர் தவறியபின் இந்த வீட்டில் நானும் வேல்ச்சாமி அண்ணனும்தான். நூற்பாலை வேலை, சங்கம், கொடி என்று இருந்தவன். அந்தச் சம்பளத்தில்தான் என்னை பி.எட். படிக்க வைத்தான். ஆலையை மூடினார்கள், அண்ணி போனாள், சர்க்கரை வந்தது. வலது காலில் இரண்டு விரலை எடுத்தாயிற்று. இப்போது கட்டிலில் சாய்ந்துகொண்டு பேப்பரை ஒரு எழுத்து விடாமல் படித்து எனக்குப் பாயிண்ட் எடுத்துக் கொடுக்கிறான். மேடையில் நான் பேசுவதில் பாதி அவன் பேச்சு.

தலைப்பைக் கேட்டுவிட்டுச் சிரித்தான். "தலைப்பே கோணல்ட்டி. ஏழை எப்படி உசருவான்னு கேக்காங்க. பணக்காரன் எப்படி உசந்தான்னு என்னைக்காவது தலைப்பு வச்சிருக்காங்களா?"

"அப்படி வச்சா பந்தல் செலவை யாரு குடுப்பா?"

"அதான் விஷயம்" என்றான்.

டிசம்பர் 7, ஞாயிறு

ஐயா மறுபடியும் கூப்பிட்டார். "இந்தத் தடவை நீ 'உழைப்பதாலே' பக்கம் பேசுறம்மா. விளம்பரம் குடுக்கிறவங்க அந்தப் பக்கம் கொஞ்சம் கலகலப்பா இருக்கணும்னு ஆசைப்படுறாங்க. நகைச்சுவைன்னா நீதான்."

சரி என்றுவிட்டேன். பட்டிமன்றத்தில் அணி என்பது கைக்கு வரும் சீட்டு. எது வந்தாலும் அதை வைத்து ஆட வேண்டும். இதில் கொள்கை கிள்கை என்று பேசுகிறவர்களை அடுத்த முறை வண்டியில் ஏற்ற மாட்டார்கள்.

அண்ணனிடம் சொல்லத்தான் கொஞ்சம் சங்கடமாக இருந்தது. காலைத் திண்டின் மேல் தூக்கி வைத்துக்கொண்டான். பிறகு, "பேனாவை எடு" என்றான்.

"அந்தப் பக்கத்துக்கும் உண்மை இருக்கு. குடுக்கிறது தப்புன்னு மட்டும் சொல்லிராத, அது பொய். வாங்கிக்கிட்டு வாயை மூடிக்கிடுதோம்ல, அதைச் சொல்லு. ஆலையை மூடுன வருசம்தான் வீட்டுக்கு வீடு டிவி குடுத்தாங்க. வேலை எங்கன்னு கேக்க வேண்டிய நேரத்துல டிவிக்கு வரிசையில நின்னோம். நானும்தான் நின்னேன். கொடியை வீட்டுல வச்சிட்டுப் போய் நின்னேன்."

எழுதிக்கொண்டேன். நல்ல பாயிண்ட். இன்னொன்றும் சொன்னான். "ஆலைக்காரனுக்கு நிலமும் கரண்டும் சும்மா குடுத்தா அதுக்குப் பேரு ஊக்கம். நமக்கு அரிசி குடுத்தா இலவசம். ஒரே சாமானுக்கு ரெண்டு பேரு வச்சிருக்கான் பாரு."

"இது என் அணிக்கு ஆகாதே அண்ணே."

"ஆகாதுதான். சும்மா சொல்லி வச்சேன்."

டிசம்பர் 10, புதன்

அண்ணனின் காலுக்குக் கட்டு மாற்ற வேண்டிய நாள். பள்ளியில் ஒரு மணி நேரம் அனுமதி கேட்டால் தலைமையாசிரியை முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார். ஆட்டோவில் ஏற்றும்போது, "தர்மாஸ்பத்திரிக்குப்பா" என்று ஓட்டுநரிடம் சொல்லிவிட்டேன். அவ்வளவுதான், வழி முழுக்கப் பாடம். "தர்மமா? யாரு வீட்டுத் தர்மம்? தீப்பெட்டி வாங்குதவன்கூட வரி கட்டுதான். அரசு ஆஸ்பத்திரின்னு சொல்லிப் பழகு. நீ வாத்திச்சி வேற." ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

பாதத்தில் இன்னும் உணர்ச்சி இல்லை. நர்ஸ் கிள்ளிப் பார்த்தாள், அவனுக்குத் தெரியவில்லை. காலைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும், மாத்திரையை ஒரு வேளைகூட விடக்கூடாது என்று சொல்லி அனுப்பினாள்.

டிசம்பர் 13, சனி

விடைத்தாள் மலை போல் கிடக்கிறது. 'உழைப்பின் உயர்வு' பற்றிக் கட்டுரை. எல்லோரும் ஒரே நோட்ஸைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள்.

முத்துச்செல்வி வந்தாள். சுகாதாரத் துறையிலிருந்து வீடு வீடாகச் சர்க்கரை, பிரஷர் மாத்திரை கொண்டுவந்து கொடுக்கிற பெண். அண்ணனுக்கு அவளைக் கண்டால் உற்சாகம். டிவியில் செய்தி மாற்ற ரிமோட்டை அமுக்கிக்கொண்டிருந்தான். காலைப் போலவே கை விரல்களும் மரத்துவிட்டன, பட்டன் எங்கே இருக்கிறது என்றே தெரிவதில்லை. கட்டை விரலால் அமுக்குகிறான், நடக்கவில்லை. முழங்கையால் அமுக்கினான், ஏதோ பக்திச் சேனல் வந்தது.

"அரசாங்கம் அரிசி குடுக்கு, மாத்திரை குடுக்கு, டிவியும் குடுத்துச்சு" என்றான். "ரிமோட்டை அமுக்க ஒரு ஆளையும் குடுத்திருந்தா புண்ணியமாப் போயிருக்கும். ஏத்தா, எழுதிப் போடேன் மேலிடத்துக்கு."

முத்துச்செல்வி தரையில் உட்கார்ந்து சிரித்தாள். நானும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். அவனுக்கு மட்டும் மேடை ஏறும் கால் இருந்தால் நாங்களெல்லாம் கடையை மூட வேண்டியதுதான்.

டிசம்பர் 21, ஞாயிறு

சென்னையிலிருந்து ரயிலில் வந்துகொண்டிருக்கிறேன். படப்பிடிப்பு நேற்றுப் பகலில். அரக்கு நிறப் பட்டுப்புடவை. முகத்தில் என்னென்னவோ பூசினார்கள், எனக்கே என்னை அடையாளம் தெரியவில்லை.

முதலில் சுரத்தில்லை. அண்ணன் சொன்ன பாயிண்டைத்தான் எடுத்தேன், வேலை கேட்க வேண்டிய நேரத்தில் வரிசையில் நின்றோம் என்று. அரங்கில் பேருந்தில் கூட்டி வந்த கல்லூரிப் பிள்ளைகள். கொட்டாவி விட்டார்கள். கேமராவுக்குப் பின்னால் ஒருவர் கையால் சைகை காட்டினார், கலகலப்பு வேண்டுமாம். பிறகு ஒரு நகைச்சுவை சொன்னேன். அரங்கமே குலுங்கியது. ஐயா இடையில் ஒரு கேள்வி கேட்டார், நான் ஒரு பதில் சொன்னேன், அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. இறங்கி வந்ததும், "இனிமே நீ இல்லாம எனக்கு மேடை கிடையாதும்மா, மலேசியா நிகழ்ச்சிக்கும் நீதான் வர்ற" என்றார்.

மகிழ்ச்சியாக இருக்கிறது. ரயிலில் தூக்கம் வரவில்லை.

டிசம்பர் 22, திங்கள்

"என் பாயிண்டைச் சொன்னியா?" என்று கேட்டான்.

"சொன்னேன் அண்ணே. கப்சிப்னு கேட்டாங்க."

"வேற?"

"வேற நம்ம வழக்கமான சரக்குதான்" என்றேன். தோசை ஊற்றப் போய்விட்டேன்.

ஜனவரி 6, செவ்வாய்

விளம்பரத்தில் என் முகம் ஒரு நொடி வருகிறது. தெருவில் எல்லோரும் பார்த்துவிட்டார்கள். ஒளிபரப்பும்போது நேரம் போதாமல் எதையாவது வெட்டுவார்களாம். எதை வெட்டுவார்கள் என்று ஐயாவிடம் கேட்டேன். "உன் சிரிப்பை வெட்டுவாங்களா? கவலைப்படாதே" என்றார்.

அதற்காகக் கேட்கவில்லை.

ஜனவரி 15, வியாழன். பொங்கல்

எழுதிவிடுகிறேன்.

அண்ணன் விடிந்ததிலிருந்தே பரபரப்பாக இருந்தான். வெள்ளை வேட்டி, சட்டை. தெருவில் பாதிப் பேரை அவன்தான் கூப்பிட்டிருந்தான். பொங்கல் பானை இறங்கியதும் ஒவ்வொருவராக வந்தார்கள். எதிர்வீட்டுக் கணபதியாபிள்ளை, அவர் வீட்டம்மா, மாவுமில் ராசாத்தி, முத்துச்செல்வி. எல்லோருக்கும் கரும்பு கொடுத்தான். அரசு கொடுத்த அதே பழைய டிவி. அதன் முன் எல்லோரும் தரையில் உட்கார்ந்தார்கள், அண்ணன் கட்டிலில்.

என் முறை வந்தது. அண்ணனின் பாயிண்டை வெட்டிவிட்டார்கள். ஒரு சொல்கூட மீதியில்லை. நேராக நகைச்சுவைக்கு வந்துவிட்டது.

"எங்க ஊர்ல ஒரு அண்ணாச்சி இருக்காருங்க. அரசாங்கம் அரிசி குடுக்குது, சாப்பிடுறாரு. மாத்திரை வீட்டுக்கே வருது, முழுங்குறாரு. டிவி குடுத்துச்சு, படுத்துக்கிட்டே பாக்குறாரு. 'அண்ணாச்சி, இன்னும் என்னதான் வேணும்?'னு கேட்டேன். 'ரிமோட்டை அமுக்க ஒரு ஆளையும் அரசாங்கமே போட்டாத் தேவலை'ங்கிறாரு."

தொலைக்காட்சிக்குள் சிரிப்பு. எங்கள் வீட்டுக்குள்ளும் சிரிப்பு. கணபதியாபிள்ளைக்குப் புரையேறியது. எங்கள் ஊர்ப் பக்கம் எந்த ஆம்பளையும் அண்ணாச்சிதான். மளிகைக்கடைக்காரர் அண்ணாச்சி, பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர் அண்ணாச்சி. யாரையும் குறிக்காத சொல் அது. அங்கேயே நின்றிருந்தால் ஒன்றுமில்லை.

ஐயா மைக்கை இழுத்து, "யாரும்மா அந்த அண்ணாச்சி?" என்றார். திரையில் நான் கொண்டையைச் சரி செய்துகொண்டேன். "கூடப்பிறந்தவர்தாங்கய்யா" என்றேன்.

அங்கே அரங்கம் அதிர்ந்தது. இங்கே யாரும் சிரிக்கவில்லை. ராசாத்தி கரும்பை வாயிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

முதலில் சிரித்தது அண்ணன்தான். சத்தமாகவே சிரித்தான். அதற்கப்புறம் மற்றவர்களும் சிரித்தார்கள். "நல்லாத்தான் பேசுத" என்றான். "ஆனா 'ரிமோட்டை'ன்னு சொல்லிட்டு ஒரு மூச்சு நிறுத்தியிருக்கணும். அவசரப்பட்டுட்ட. நிறுத்தியிருந்தா இன்னும் தூக்கும்."

பிறகு விளம்பரம் வந்தது, நகைக்கடை. அண்ணன் டிவியை அணைக்கப் பார்த்தான். அமுக்கினான், நடக்கவில்லை. மறுபடியும் அமுக்கினான். எல்லோரும் அவன் கட்டை விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எழுந்து போய் வாங்கி அமுக்க எனக்குக் கால் வரவில்லை. கடைசியில் முத்துச்செல்வி எழுந்து சுவரில் சுவிட்சை அணைத்தாள்.

தீர்ப்பு யாருக்கு என்று யாரும் பார்க்கவில்லை.

ஜனவரி 16, வெள்ளி

அண்ணன் பேசுகிறான், சாப்பிடுகிறான், பேப்பர் படிக்கிறான். வழக்கம்போலத்தான். நானாக எதையாவது நினைத்துக்கொள்கிறேன்.

ஜனவரி 19, திங்கள்

அந்தத் துண்டை மட்டும் வெட்டி யாரோ வாட்ஸ்அப்பில் விட்டிருக்கிறார்கள். 'இலவசத்தால் கெட்டது நாடு' என்று மேலே எழுத்து. பள்ளித் தாளாளர் என்னைக் கூப்பிட்டுப் பாராட்டினார். "நாட்டுக்குத் தேவையான கருத்தும்மா" என்றார். இதே தாளாளர் பள்ளி கட்டியிருக்கிற இடம் அரசு குத்தகைக்குக் கொடுத்த இடம். அண்ணன் சொன்ன 'ஊக்கம்' நினைவுக்கு வந்தது. நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

ரேஷன் கடை வரிசையில் அண்ணனை யாரோ 'ரிமோட் அண்ணாச்சி' என்று கூப்பிட்டார்களாம். வேடிக்கையாகத்தான் கூப்பிட்டிருப்பார்கள். அரிசி வாங்காமல் பையை மடித்துக்கொண்டு திரும்பிவிட்டான். "கடை அரிசி வாங்கு இனிமே" என்றான்.

ஜனவரி 22, வியாழன்

முத்துச்செல்வி பள்ளிக்கூட வாசலிலேயே வந்து நின்றாள். "டீச்சர், அண்ணாச்சி மாத்திரை வேண்டாம்னுட்டாக. போன தடவை குடுத்ததையும் அப்படியே திருப்பித் தாராக. தெருவுல வேற யாருக்காவது குடுன்னு சொல்லுதாக. நீங்க கொஞ்சம் சொல்லுங்க."

ஜனவரி 24, சனி

சொன்னேன்.

"அண்ணே, அது மேடைப் பேச்சு. என் அணி அது. உனக்குத் தெரியாததா?"

"தெரியும்ட்டி. உன்மேல எனக்கு என்ன வருத்தம்? நான் சொன்னதைத்தானே நீ சொன்ன."

"பின்ன எதுக்கு மாத்திரையைத் திருப்பிக் குடுத்த?"

கொஞ்ச நேரம் விரல்களை மடக்கி விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். "நான் சொல்லும்போது அது விரலைப் பத்தின பேச்சு. நீ சொன்னப்ப என்னைப் பத்தின பேச்சாப் போச்சு. அந்தப் பிள்ளை மாத்திரையை நீட்டும்போது சிரிக்கலை. சிரிச்சிரக் கூடாதேன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு நிக்கா. அதைப் பாத்துக்கிட்டு என்னால வாங்க முடியலை."

"அது உரிமைன்னு நீதானே எனக்குச் சொல்லிக் குடுத்த."

"உரிமைதான். யாரு இல்லேன்னா? மெடிக்கல்ல நான் காசு குடுத்து வாங்கிக்கிடுதேன்."

எந்தக் காசில் என்று நான் கேட்கவில்லை. நானே வாங்கி வந்து கொடுத்தேன். அதையும் தொடவில்லை. "உன்கிட்ட வாங்குனாலும் வாங்குதது வாங்குததுதானே" என்றான்.

ஜனவரி 27, செவ்வாய்

ஒரு நல்ல செய்தி. அண்ணனுக்கு வேலை கிடைத்திருக்கிறது. புறவழிச்சாலை கல்யாண மண்டபத்தில் காவலாளி, வாசலில் வண்டிகளை ஒழுங்குபடுத்துகிற வேலை. நீலச் சட்டை, தொப்பி, கறுப்பு ஷூ எல்லாம் அவர்களே கொடுத்துவிட்டார்கள். காலையில் ஷூவைத் துடைத்துத் துடைத்துப் பளபளப்பாக்கினான். கட்டுப் போட்ட காலில் அது ஏறவே இல்லை. கட்டைக் கொஞ்சம் குறைத்துவிட்டு ஏற்றிக்கொண்டான்.

"கால் வலிக்காதா?"

"வலியே தெரியலட்டி. அதுல ஒரு சௌகரியம்" என்று சிரித்தான்.

நிமிர்ந்து நடந்து போனதைப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மனிதனுக்கு ஒரு வேலை என்று இருந்தால் முகமே மாறிவிடுகிறது. என் பேச்சால் ஒரு நன்மையும் விளைந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த மேடைக்கு இது நல்ல பாயிண்ட்.

ஜனவரி 31, சனி

தென்காசியில் நிகழ்ச்சி. ரிமோட் ஜோக்கைச் சொல்லச் சொல்லிக் கூட்டமே கேட்டது. சொன்னேன்.

பிப்ரவரி 3, செவ்வாய்

மேலே எழுதிய 'நல்ல பாயிண்ட்' என்பதை அடித்துவிட நினைத்தேன். அடித்தால் அடித்தது தெரியும். இருக்கட்டும்.

கட்டு மாற்றப் போக வேண்டும் என்று தினமும் சொல்கிறேன். முகூர்த்த நாள், லீவு தரமாட்டார்கள் என்கிறான். முகம் வீங்கியிருக்கிறது. செம்பு செம்பாகத் தண்ணீர் குடிக்கிறான். மாத்திரை வாங்கினாயா என்றால் வாங்கினேன் என்கிறான். அட்டையைக் காட்டு என்றேன். சம்பளம் வரட்டும் என்றான்.

பிப்ரவரி 5, வியாழன்

வீட்டுக்குள் ஒரு வாடை. எலி செத்துக் கிடக்கிறதென்று அலமாரிக்கு அடியிலெல்லாம் பெருக்கினேன். எலி இல்லை. அண்ணன் வாசலில் உட்கார்ந்து ஷூவைக் கழற்ற முடியாமல் இழுத்துக்கொண்டிருந்தான். நான் கழற்றினேன். சாக்ஸோடு தோலும் சேர்ந்து வந்தது. பாதம் கறுத்துப்போயிருந்தது. குதிகாலுக்குப் பக்கத்தில் ஷூவின் ஆணி ஒன்று சதைக்குள் ஏறியிருந்தது. அவனுக்கு அது தெரியவே இல்லை.

"கிளம்பு" என்றேன்.

"தர்மாஸ்பத்திரிக்கு வேண்டாம்ட்டி."

என்னை எத்தனையோ முறை திருத்தியவன். அவன் வாயால் அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு உயிரே போய்விட்டது. அண்ணே, அது அரசு ஆஸ்பத்திரி என்று சொன்னேன். நீதானே சொன்னாய், தீப்பெட்டி வாங்குகிறவன்கூட வரி கட்டுகிறான் என்று. பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் திரும்பத் திரும்பச் சொன்னேன். கணபதியாபிள்ளையும் ஆட்டோக்காரரும் சேர்ந்துதான் தூக்கி ஏற்றினார்கள்.

பிப்ரவரி 6, வெள்ளி

முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும் என்கிறார்கள். சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறியிருப்பதால் உடனே எடுக்கவும் முடியாதாம். டாக்டர் சின்னப் பெண். கோபமாக இருந்தாள். "இந்தக் காலுக்கு ஷூவை யாரு போடச் சொன்னது? மாத்திரைதான் வீட்டுக்கே வருதே, அதை வாங்கிப் போடறதுக்கு என்னம்மா கஷ்டம்?"

தலையைக் குனிந்துகொண்டேன். அவள் என்னை உற்றுப் பார்த்தாள். "உங்களை டிவியில பாத்திருக்கேனா?" என்றாள். இல்லை என்று சொன்னேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

வார்டில் ஒரு கட்டிலுக்கும் அடுத்த கட்டிலுக்கும் நடுவே தரையில் இரண்டு நோயாளிகள். அண்ணனுக்குக் கட்டில் கிடைத்தது. காலையில் கொஞ்சம் தெளிவாக இருந்தான். கஞ்சி கொடுத்தேன். இரண்டு கரண்டி குடித்தான்.

"மண்டபத்துச் சட்டையை வெளுத்துத் திருப்பிக் குடுத்துரு. ஷூவையும் குடுத்துரு. அவுக சாமான்."

"நீ வேலை பாத்த சம்பளம் இருக்குல்ல அண்ணே, வாங்கிட்டு வாரேன்."

"குடுத்தா வாங்கு. கேட்டு நிக்காத."

சங்கத்துக்காக ஆலை வாசலில் நாள் கணக்கில் கேட்டு நின்றவன் இவன். அப்போது அவனுக்குச் சோறு கொண்டுபோனது நான். அதைச் சொல்லலாம் என்று நினைத்தேன், அழுகை வந்துவிட்டது. "அண்ணே, நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றேன்.

"நீ சொல்லாட்டி இன்னொருத்தி சொல்லியிருப்பா. அந்தத் தலைப்புக்கு அதுதான் ஜோக்கு." கண்ணை மூடிக்கொண்டான். பிறகு, "அந்த ஊக்கம், இலவசம் பாயிண்ட் இருக்குல்ல, அதை என்னைக்காவது சொல்லு" என்றான்.

சத்தியம் செய்து கொடுத்தேன்.

பிப்ரவரி 10, செவ்வாய்

அண்ணன் இன்று மத்தியானம் போய்விட்டான். காலை எடுக்கும் நிலைமைக்கு வரவே இல்லை. விஷம் இரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள்.

எனக்கு இனி யாரும் இல்லை.

பிப்ரவரி 11, புதன்

உடலை வீட்டுக்குக் கொண்டுவர ஆஸ்பத்திரியிலேயே வண்டி தந்தார்கள். அமரர் ஊர்தி. எவ்வளவு ஆகும் என்று கணபதியாபிள்ளை ஓட்டுநரிடம் கேட்டார். "இது இலவசம்ங்க" என்றார் அவர். அண்ணனால் அதை மட்டும் வேண்டாமென்று சொல்ல முடியவில்லை.

பிப்ரவரி 13, வெள்ளி

கொழுந்து ஐயா துட்டி கேட்க வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு நிஜமாகவே அழுதார். கிளம்பும்போது, "கொடை சீசன் வருதும்மா, வந்துருவேல்ல?" என்றார். அவரைக் குறை சொல்லி என்ன, குழுவை ஓட்ட வேண்டியவர். வருகிறேன் என்றேன்.

பிப்ரவரி 25, புதன்

காரியம் முடிந்தது. மண்டபத்துக்காரர் சம்பளம் தரவில்லை. ஷூ ஆணி பெயர்ந்து கெட்டுப்போய்விட்டது, அதற்கும் இதற்கும் சரியாகப் போயிற்று என்றார். கேட்டு நிற்காமல் வந்துவிட்டேன்.

முத்துச்செல்வி எதிர்வீட்டுக்கு மாத்திரை கொடுக்க வருகிறாள். எங்கள் வாசலைத் தாண்டும்போது அந்தப் பக்கமாகப் பார்த்துக்கொண்டு போகிறாள்.

மார்ச் 8, ஞாயிறு

நேற்றுச் சாயங்காலம் விளாத்திகுளம் பக்கம் ஒரு கோயில் கொடை. அதே தலைப்பு. என்னை மறுபடியும் 'அரசு கொடுப்பதாலே' அணியில் போடச் சொல்லி நானே கேட்டேன். ஐயா ஒத்துக்கொண்டார். நாள் முழுக்க அண்ணனின் பாயிண்டை மனத்துக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

நன்றாகத்தான் தொடங்கினேன். "ஒரே சாமானுக்கு இரண்டு பெயர் வைத்திருக்கிறோம். முதலாளிக்குக் கொடுத்தால் ஊக்கம், ஏழைக்குக் கொடுத்தால் இலவசம்" என்றேன். கைதட்டல் இல்லை. முன்வரிசையில் மாலையோடு உட்கார்ந்திருந்தவர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து யாரோ, "அக்கா, ரிமோட் அண்ணாச்சியைச் சொல்லுங்க" என்று கத்தினார். நான் மேலே பேசப் பார்த்தேன். கூட்டம் முழுக்க ரிமோட், ரிமோட் என்று பிடித்துக்கொண்டது.

"ஐயா, அது எதிரணி ஜோக்குங்கய்யா" என்றேன்.

ஐயா மைக்கைப் பக்கத்தில் இழுத்தார். "சொல்லும்மா. நாட்டுல சொத்து பொதுவுடைமை ஆகுதோ இல்லையோ, ஜோக்காவது பொதுவுடைமையா இருக்கட்டுமே" என்றார். அன்றைய முதல் கைதட்டல் அதற்குத்தான் விழுந்தது.

சொன்னேன். "எங்க ஊர்ல ஒரு அண்ணாச்சி இருக்காருங்க." இருந்தார் என்று சொன்னால் ஜோக் நிற்காது. அரிசி, மாத்திரை, டிவி என்று வரிசையாக வந்தேன். 'ரிமோட்டை' என்றதும், அண்ணன் சொல்லிக் கொடுத்தபடி ஒரு மூச்சு நிறுத்தினேன். அவன் சொன்னது சரி. சிரிப்பு முன்னைவிடத் தூக்கியது.

ஐயா என் பக்கம் திரும்பினார். எங்கள் வீட்டுக்கு வந்து அழுதவர் அவர். ஆனால் அந்தக் கேள்வி இல்லாமல் ஜோக் முடியாது. என் முகத்தைப் பார்க்காமல் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"யாரும்மா அந்த அண்ணாச்சி?"

"கூடப்பிறந்தவர்தாங்கய்யா" என்றேன்.

நன்றாகச் சிரித்தார்கள். தீர்ப்பு வழக்கம்போல எதிரணிக்குத்தான்.